இடம் மாறிப்போன டீமின் ஆட்டக்காரர்களுக்கு நோட்டு போடுவது எப்படி

நம் நாட்டின் பெரிய கால்பந்துப் போட்டிகளான ஐ-லீக்கிலோ ஐ.எஸ்.எல்.லிலோ மதுரைக்கென்று ஒரு டீம் இதுவரை இல்லை. கால்பந்துப் பைத்தியம் பிடித்த எங்களைப் போன்றவர்கள் வேறு ஊர் டீம் ஒன்றைத்தான் சொந்தம் கொண்டாட வேண்டும். நாங்கள் பிடித்துக்கொண்டது சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில் சென்னை, ஆடியது கோயம்புத்தூரில், கேலரியில் கத்தியவர்களில் கொஞ்சம் பேர் மதுரை, திண்டுக்கல்காரர்கள். இந்தக் குழப்பத்தைக் கேட்டுவிட்டு என் தங்கை மகன், "மாமா, இதுக்கு நீங்க பேசாம கிரிக்கெட்டே பார்த்திருக்கலாம்" என்பான்.

கதை சுருக்கம் இதுதான். 2016–17 சீசனில் ஐ-லீக்கில் நேரடியாக இடம் கிடைத்து, சென்னை நேரு விளையாட்டரங்கத்தில் ஆடத் தொடங்கிய டீம் அது. அடுத்த சீசனிலிருந்து ஐ.எஸ்.எல்.லும் ஐ-லீக்கும் ஒரே காலத்தில் நடக்க ஆரம்பித்தன. அந்த மைதானத்தில் ‘சென்னையின் எஃப்.சி.’ என்கிற வேறொரு ஐ.எஸ்.எல். கிளப் இருந்தது, இவர்கள் கோவை நேரு ஸ்டேடியத்துக்கு வந்தார்கள். 2018–19இல் ஐ-லீக் கோப்பையையே அடித்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் லீக் பாதியில் நின்றது. அதற்கடுத்த சீசன் முழுக்க மேற்கு வங்கத்தில் பூட்டிய மைதானங்களில் நடந்தது. அதற்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை.

கோல் கணக்கும் புள்ளிப் பட்டியலும் இணையத்தில் கிடைக்கும். ஆனால் ஆட்டக்காரன் ஓடியது, நின்றது, கோபப்பட்டது, பந்து இல்லாத நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதெல்லாம் பார்த்தவன் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது. நல்லபடியாக நடக்கிற கிளப் என்றால் அவர்களே சிறப்பு மலர் போடுவார்கள், பழைய ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு மாலை போடுவார்கள். இடம் மாறி, அப்புறம் காணாமலும் போன டீமுக்கு யார் போடுவார்கள்? நாம்தான் ஒரு நோட்டு போட்டு எழுதி வைக்க வேண்டும். நான் பைண்டிங் கடைக்காரன், வடக்கு மாசி வீதிப் பக்கம் கடை. எழுதுவதைப் பற்றிச் சொல்வதைவிட நோட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை அதிகம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நோட்டு

போனில் எழுதாதீர்கள். போன் மாறும், பாஸ்வேர்டு மறக்கும், மெமரி நிரம்பியது என்று எதையாவது அழிப்பீர்கள். லாங் சைஸ் கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். பின் அடித்தது வேண்டாம். நாலு மழைக்காலத்தில் பின் துருப்பிடித்துத் தாளில் பழுப்பாக இறங்கிவிடும். கம் போட்டு ஒட்டிய நோட்டும் வேண்டாம், விரித்து வைத்து எழுத எழுத நடுவில் பக்கம் கழன்று கையோடு வரும். நூல் போட்டுத் தைத்த நோட்டுதான் மேசையில் மல்லாக்க விரிந்து படுக்கும். வாங்கும்போது நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள், நூல் தெரியும்.

வலது பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். இடது பக்கம் காலியாக இருக்கட்டும். திருத்தம், பிறர் சொன்னது, ஒட்டவேண்டிய துண்டு எல்லாம் அங்கே வரும். தாள் வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், பரவாயில்லை. முதல் ஒரு மாதத்திலேயே இடது பக்கம்தான் முதலில் நிரம்பும்.

யார் பெயரில் பக்கம் திறப்பது

இதுதான் முக்கியம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எல்லோரும் முதலில் "2018–19 சீசன்" என்று தலைப்பு எழுதி, முதல் மேட்ச், இரண்டாம் மேட்ச் என்று வரிசையாக ஆரம்பிப்பார்கள். நாலாவது மேட்சில் ஞாபகம் நின்றுவிடும், நோட்டும் நின்றுவிடும். கிளப் பெயரில் பக்கம் திறந்தால் இன்னொரு சங்கடம் இருக்கிறது. கிளப்பின் கதை ஒரு தேதியில் முடிந்துவிட்டது. ஆட்டக்காரர்களின் கதை முடியவில்லை, அவர்கள் இன்னொரு ஊரில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் ஆளுக்கு ஒரு தலைப்பு. ஒருவருக்குக் குறைந்தது நான்கு வலப்பக்கங்கள் ஒதுக்குங்கள்.

மைக்கேல் சூசைராஜை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்து இரவிபுத்தன்துறைக்காரர். இடது கால் ஆட்டக்காரர். 2017–18இல் கோவையில் எங்கள் டீமுக்கு ஆடினார். 2018இல் ஜாம்ஷெட்பூர் எஃப்.சி.க்குப் போனார். 2019இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. 2020 மார்ச்சில் ஏ.டி.கே. ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது, அதோடு அந்த கிளப்பும் மோகன் பகானோடு இணைந்து பெயர் மாறியது. அதே ஆண்டு நவம்பரில் புது சீசனின் முதல் ஆட்டத்திலேயே, கால் மணி நேரம் ஆவதற்குள், முட்டியில் அடிபட்டு வெளியே வந்தார். அந்த சீசனே போயிற்று. கிளப் பெயரில் நோட்டு போட்டிருந்தால் இந்த மனிதரைப் பற்றி எங்கே எழுதுவீர்கள்? 2018ஓடு அவர் பெயர் உங்கள் நோட்டில் முடிந்திருக்கும்.

நெஸ்டர் கோர்டில்லோ பக்கம் இன்னும் வேடிக்கை. ஸ்பெயினிலிருந்து வந்து கோவையில் கோப்பை அடித்துவிட்டு, 2019இல் ஹைதராபாத் எஃப்.சி.க்குப் போனார். அந்த ஹைதராபாத் டீமே, புனே சிட்டி மூடப்பட்டதால் காலியான இடத்தில் வந்தது. 2025இல் அதுவும் டெல்லிக்குப் போய் வேறு பெயர் வைத்துக்கொண்டது. டெல்லியில் முன்பு இருந்த டைனமோஸ் 2019இலேயே புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆகிவிட்டது. நம் நாட்டுக் கால்பந்தில் கிளப்பை நம்பி நோட்டு போட்டால் நோட்டுக்கு அட்டை மாற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும். அட்டை மாற்றுவது எனக்குத் தொழில், உங்களுக்கு அப்படியில்லை.

முதலில் எழுது, அப்புறம் தேடு

ஒரு பெயரை எழுதியதும் கை தானாக யூடியூபுக்குப் போகும். போகக் கூடாது. ஒருமுறை வீடியோவைப் பார்த்துவிட்டால், அதற்கப்புறம் உங்களுக்கு ஞாபகம் வருவது கேமராக்காரர் பார்த்ததுதான்; நீங்கள் கேலரியிலிருந்து பார்த்தது அழிந்துவிடும். எனவே வரிசை இது: மனசில் இருப்பதை நீலப் பேனாவில் வலப்பக்கம் எழுதி முடியுங்கள். ஒரு வாரம் மூடி வையுங்கள். அப்புறம் பத்திரிகை, வீடியோ, புள்ளிவிவரம் எல்லாம் பார்த்து, சரிபார்த்ததைச் சிவப்பில் இடப்பக்கம் எழுதுங்கள். பிறர் சொன்னது பென்சிலில். நீலத்தை அடித்துத் திருத்தாதீர்கள். தப்பாக இருந்தாலும் அப்படித்தான் அந்த ஊர்க் கேலரி நினைவு வைத்திருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

எவ்வளவு தப்பு வரும் என்பதற்கு இரண்டு உதாரணம். எங்கள் டீக்கடை ஜமாவில் பாதிப்பேர், கோப்பை வாங்கிய டீமில் சூசைராஜ் இருந்தார் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். அவர் அதற்கு முந்தின சீசன் முடிந்ததுமே ஜாம்ஷெட்பூர் போய்விட்டார். அவர் ஆடிய நல்ல ஆட்டங்களும் கோப்பையும் ஒரே மைதானத்தில் நடந்ததால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. இன்னொன்று, எங்கள் ஸ்ட்ரைக்கர் பெட்ரோ மான்சி. "அந்த ஸ்பெயின்காரன்" என்றுதான் இன்றைக்கும் பேச்சு. அவர் ஸ்பெயினில் ஆடிவிட்டு வந்தவர், பிறந்தது உருகுவேயில். ராபர்ட்டோ எஸ்லாவா, சாண்ட்ரோ ரொட்ரிகெஸ், நெஸ்டர் என்று கூட இருந்தவர்கள் ஸ்பெயின்காரர்கள். அந்தக் கூட்டத்தில் இவரையும் சேர்த்துவிட்டோம்.

ஆளைப் பற்றி என்ன எழுதுவது

"அருமையான ஆட்டக்காரர்", "மின்னல் வேகம்" என்று எழுதினால் அதில் ஒன்றுமில்லை. அந்த வரியை யார் பெயருக்குக் கீழேயும் எழுதலாம். மூன்று கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். பந்து எதிர்ப் பக்கம் இருக்கும்போது இவர் என்ன செய்தார்? கோல் வாங்கிய பிறகு முதல் ஒரு நிமிடம் எப்படி இருந்தார்? மாற்றி வெளியே கூப்பிட்டபோது எப்படி நடந்து போனார்?

மான்சி பக்கத்தில் கணக்கு எழுதுவது சுலபம். கோப்பை வாங்கிய சீசனில் 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21. 2018 அக்டோபரில் இந்தியன் ஏரோஸோடு கோவையில் நடந்த முதல் ஆட்டத்திலேயே ஹாட்ரிக், 4–1. இதெல்லாம் சிவப்பு மை. நீல மையில் நான் எழுதியிருப்பது வேறு: பந்து நடுவில் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவர் பெரும்பாலும் நடந்துகொண்டிருப்பார். எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "இவனுக்குச் சம்பளம் நடக்கிறதுக்கா?" என்று சத்தமாகவே கேட்டார். அவருக்கு மேட்ச் முழுக்க மான்சி மேல்தான் கண். நடந்துகொண்டே தடுப்பாட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார் மான்சி. பந்து விங்கிலிருந்து உள்ளே வரும்போது தடுப்பாட்டக்காரர் திரும்பித் தேடுவார். தேடி முடிப்பதற்குள் வேலை ஆகிவிடும். பெரியவர் எழுந்து நின்று கை தட்டிவிட்டு, உட்காரும்போது, "சரி, நடக்கட்டும்" என்றார். டி.வி.யில் இந்த நடை வராது, கேமரா பந்தோடு போய்விடும். கேலரியில் இருந்தவன் எழுதினால்தான் உண்டு.

தடுப்பாட்டக்காரர்களுக்கும் கோல்கீப்பருக்கும் பக்கம் ஒதுக்க மறந்துவிடாதீர்கள். எல்லாருடைய நோட்டிலும் ஸ்ட்ரைக்கர் ஆறு பக்கம், கீப்பர் ஆறு வரி. உண்மையில் எங்கள் கோப்பையே ஒரு தடுப்பாட்டக்காரரால்தான் வந்தது.

2019 மார்ச் 9. கடைசி ஆட்டம், மினர்வா பஞ்சாபோடு. எங்களுக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. அவர்களுக்கு அதே நேரம் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆட்டம். அவர்கள் ஜெயித்துவிட்டால் நாங்களும் ஜெயித்தே ஆக வேண்டும், டிரா போதாது. மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் போட்டுவிட்டார். எனக்கு இடப்பக்கம் இருந்த பையன் கடலைப் பொட்டலத்தைச் சாப்பிடாமல் அந்தக் காகிதத்தை மட்டும் கிழித்துக் கிழித்துக் காலடியில் போட்டுக்கொண்டிருந்தான். இடைவேளை வரை அதே 0–1. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா ஒன்று, கடைசியில் கூடுதல் நேரத்தில் அதே கௌரவ் போரா இன்னொன்று. தடுப்பாட்டக்காரர், இரண்டு கோல். 3–1. கோழிக்கோட்டில் முதலில் கோகுலம்தான் கோல் போட்டது. ஈஸ்ட் பெங்கால் திருப்பி அடித்து 2–1இல் ஜெயித்தது. கடைசிக் கணக்கு 43, 42.

அந்த நாளை ஒரே இடத்தில் எழுதிவிடாதீர்கள் என்பது என் யோசனை. மான்சியின் பக்கத்தில் பெனால்டிக்கு முன்னால் அவர் நின்ற நிற்பை எழுதுங்கள். போரா பக்கத்தில் போராவின் ஓட்டம். பயிற்சியாளர் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர், அவருக்கு ஒரு பக்கம். கோட்டுக்கு வெளியே அவர் கை எங்கே இருந்தது என்பதுகூட எழுதலாம். ஒரே ஆட்டம் ஐந்தாறு பக்கத்தில் வெவ்வேறு பக்கமிருந்து வரும். ஒரே மூச்சில் எழுதினால் எல்லாம் ஸ்கோரைச் சொல்வதிலேயே முடிந்துவிடும், இதோ மேலே நான் எழுதியது மாதிரி.

பிறரிடம் கேட்பது

தனியாக உட்கார்ந்து எழுதினால் ஒரு மாதத்தில் சரக்கு தீர்ந்துவிடும். கூட வந்தவர்களைப் பிடிக்க வேண்டும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் வழியாகச் சிங்காநல்லூர் போய் இறங்குகிற வண்டியில் எங்களோடு யார் யார் வந்தார்கள் என்பதுதான் என் முதல் பட்டியல். சாயங்கால மேட்சுக்குக் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். இரவு திரும்பி வரும் வண்டியில்தான் முழு ஆட்டத்தையும் மறுபடி ஆடுவோம். கண்டக்டர் திட்டும்வரை. அந்த வண்டியில் பேசியவர்களுக்கு ஞாபகம் அதிகம்.

கேட்கும் முறை முக்கியம். "யார் பெஸ்ட் பிளேயர்?" என்று கேட்டால் எல்லோரும் மான்சி என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார்கள். "நீங்க எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீங்க?" என்று தொடங்குங்கள். அதிலேயே பாதி விஷயம் வந்துவிடும். பக்கவாட்டுக் கோட்டருகே உட்கார்ந்தவருக்கு அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் ஓடி வருகிற சத்தம்கூட ஞாபகம் இருக்கும். கோலுக்குப் பின்னால் இருந்தவருக்குக் கீப்பர் என்ன கத்தினார் என்பது தெரியும். உயரத்தில் இருந்தவர்தான், நடுவில் எட்வின் வான்ஸ்பால் எத்தனை ஓட்டைகளை அடைத்தார் என்று சொல்ல முடியும்.

இன்னொன்று, எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்காதீர்கள். நாலு பேர் கூடினால் சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதுதான் வரலாறு. எங்கள் கூட்டத்தில் திண்டுக்கல் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் ஆரம்பித்தால் மற்றவர்கள், "ஆமாண்ணே, அப்படித்தாண்ணே" என்று தலையாட்டுவார்கள். அவரைத் தனியாகக் கேட்டு எழுதிவிட்டு, மற்றவர்களைத் தனித்தனியாகப் பிடித்தேன். அஜித் குமார் எந்தப் பக்க பேக் ஆடினார் என்பதிலேயே ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் பென்சிலில் எழுதிவிட்டேன். அஜித் பின்னாளில் பெங்களூரு எஃப்.சி.க்குப் போனதை மட்டும் எல்லாரும் சரியாகச் சொன்னார்கள், அதுவும் ஏதோ தங்கள் வீட்டுப் பையனுக்கு வேலை கிடைத்த மாதிரி.

பெண்களிடம் கேளுங்கள். என் தங்கை ஒரே ஒரு மேட்சுக்கு, மகனைப் பார்க்கக் கோவைக்கு வந்த சாக்கில் வந்தார். ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது. ஆனால் அடிபட்டு விழுந்த எதிரணிப் பையனுக்கு எங்கள் ஆள் ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்ததை அவர்தான் கவனித்திருக்கிறார். ஜெர்சி நம்பர் தெரியாது, "உயரமா, தாடி வச்ச பிள்ளை" என்றார். பென்சிலில் இருக்கிறது.

துண்டுத் தாள்கள்

இங்கே என் தொழில் புத்தியைச் சொல்லியே ஆக வேண்டும். பஸ்ஸில் மெஷினில் அடித்துக் கொடுக்கிற டிக்கெட், கடை பில் எல்லாம் சூட்டில் எழுத்து வருகிற தாள். இரண்டு வருடத்தில் வெளுத்து வெள்ளைத் தாளாகிவிடும். முதல் வேலையாக அதை ஜெராக்ஸ் எடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள். ஒருவர் அப்படித்தான் கட்டாக டிக்கெட்டுகளைக் கொண்டுவந்து லேமினேஷன் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், பக்கத்தில் வேறு இடத்தில் போட்டுக்கொண்டு வந்தார். சூடு பட்டு மொத்தமும் கரிக்கட்டை.

செல்லோ டேப் ஒட்டாதீர்கள். பழுப்பேறி, பசை மட்டும் தாளில் தங்கி, டேப் உரிந்து விழும். மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, அதில் மயில்துத்தம் சிட்டிகை போட்டால் நல்ல பசை. துத்தம் போடாவிட்டால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த கணக்கு. துத்தம் விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், சமையல் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள். துண்டின் முதுகு முழுக்கப் பசை தடவ வேண்டாம், ஒரு ஓரத்தில் மட்டும் கோடு மாதிரித் தடவி ஒட்டுங்கள். பின்பக்கத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று அப்புறம் பார்க்க வேண்டிவரும். பத்திரிகைத் துண்டின் பின்பக்கத்தில் எனக்கு அன்றைய தக்காளி விலை கிடைத்தது, மேட்ச் செய்தியைவிட அதைத்தான் இப்போது எல்லாரும் வாசிக்கிறார்கள்.

செய்தித்தாள் தாள் சீக்கிரம் மஞ்சளாகி நொறுங்கும். நல்ல தாளில் ஒரு பிரதி எடுத்து அதை ஒட்டி, ஒரிஜினலைத் தனிக் கவரில் போடுங்கள். எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி என்று துண்டின் ஓரத்தில் எழுத மறந்தால் அந்தத் துண்டு எதற்கும் ஆகாது.

போன பிறகு

ஒவ்வொருவர் பக்கத்தின் கடைசியிலும், வருடத்துக்கு ஒரு வரி எழுத இடம் விடுங்கள். எந்த ஊர், எந்த கிளப். அவ்வளவுதான். 2019: எட்வின், சென்னையின் எஃப்.சி. 2020: ரொமாரியோ, எஃப்.சி. கோவா. 2020 தொடக்கத்தில் மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். அதே சீசனில் ஜப்பான்காரர் கட்சுமி யூசா எங்கள் டீமுக்கு ஆடிக்கொண்டிருந்தார். இதில் ஒரு கணக்கு சரியாகிவிட்ட மாதிரி எனக்கு அப்போது ஓர் அல்ப சந்தோஷம்.

போனவர்களைத் திட்டி எழுதுகிற பழக்கம் வேண்டாம். "காசுக்குப் போயிட்டான்" என்று நீல மையில் எழுதியவர்களின் நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன், மூன்றாம் பக்கத்துக்கு மேல் வாசிக்க முடிவதில்லை. ஊர் மாறுவது கிளப்புக்கு நியாயம் என்றால் ஆட்டக்காரனுக்கும் நியாயம்தான்.

பழைய டீமின் பெருமை யாருக்குச் சொந்தம் என்கிற சண்டை எப்படியும் வரும். சென்னைக்கா, கோவைக்கா, எங்களைப் போல பஸ் ஏறி வந்தவர்களுக்கா? இங்கிலாந்தில் இந்தச் சண்டையை முறையாகவே போட்டிருக்கிறார்கள். 1988இல் லிவர்பூலை 1–0 என்று தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பை வாங்கிய விம்பிள்டன் கிளப்பை 2003இல் மில்டன் கீன்ஸ் ஊருக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன்பே, 2002இல், ரசிகர்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று தங்களுக்கென ஒரு கிளப்பைத் தொடங்கிவிட்டார்கள். 2007இல் மில்டன் கீன்ஸ் கிளப் பழைய கோப்பைகளின் உரிமையை விம்பிள்டன் இருக்கும் மெர்ட்டன் பகுதி நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. கோப்பையை அப்படித் திருப்பிக் கொடுத்துவிடலாம். 88இல் ஆடியவர்களை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? அவர்கள் பார்த்தவர்களோடுதான் இருப்பார்கள். சென்னையில் அந்த முதல் சீசனைப் பார்த்த யாராவது உங்களுக்குத் தெரிந்தால், வம்பு பேசாமல் அவர்களிடமும் நாலு பக்கம் எழுதி வாங்குங்கள். என் நோட்டில் அந்தச் சீசன் ரொம்ப மெலிந்துதான் இருக்கிறது.

பழைய ஆட்டக்காரர் யாரையாவது நேரில் சந்திக்க வாய்த்தால் செல்ஃபி எடுத்த கையோடு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கோவை மைதானத்தில் எந்த இடத்துப் புல் மோசம்? ஆடியவர்களுக்கு அது மறக்காது. அதிலிருந்து பேச்சு தானாக ஓடும். அவருடைய போன் நம்பர், வீட்டு விலாசம் கிடைத்தால் நோட்டில் எழுதாதீர்கள், அதைத் தனியாக வையுங்கள். இந்த நோட்டு நாலு கை மாறப்போகிறது.

கை மாறும்போதுதான் ஆபத்து. ஒரிஜினலை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் போட்டு, ஸ்பைரல் அடித்து அதைக் கொடுங்கள். இடப்பக்கங்களையும் சேர்த்து எடுங்கள், எதிர்வாதம் செய்ய இடம் வேண்டும். வாங்கிக்கொண்டு போகிறவர் திண்டுக்கல் அண்ணன் மாதிரி ஆளாக இருந்தால் பேனா கொடுக்காமல் பென்சில் மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.